திருப்பலியில் எவ்வளவு பாடல்?



ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்று மக்களை வழியனுப்பும்போது, ஒரே நாளில் இரண்டு குரல்களைக் கேட்டோம். வயதான அம்மா ஒருவர், "சாமி, பாட்டு இல்லாத பூசை உப்பில்லாத சோறு மாதிரிங்க. இன்னும் ரெண்டு பாட்டு சேர்த்துப் பாடச் சொல்லுங்க" என்றார். சற்று நேரம் கழித்து, நிட்டிங் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து நேராகக் கோவிலுக்கு வந்திருந்த திண்டுக்கல் பக்கத்துத் தம்பி ஒருவர், "ஃபாதர், ராத்திரி பூரா மெஷின் சத்தம். இங்க வந்தா ஸ்பீக்கர் சத்தம். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து ஆண்டவர்கிட்ட பேச முடியலை" என்றார்.

இருவர் சொன்னதும் உண்மை. இருவருமே நம் பங்கின் மக்கள். ஒரு திருப்பலியில் எவ்வளவு பாடலாம்? எதை அவசியம் பாட வேண்டும்? எதை விட்டுவிடலாம்? இதை நமது விருப்பு வெறுப்பைக் கொண்டு முடிவு செய்யாமல், திருச்சபை என்ன கற்பிக்கிறது என்பதிலிருந்து சிந்தித்துப் பார்ப்போம்.

பாடும் திருச்சபை

இறுதி இராவுணவுக்குப் பின் ஒலிவ மலைக்குப் புறப்படுமுன், நம் ஆண்டவரும் சீடர்களும் புகழ்ப்பா பாடினார்கள் என்று நற்செய்தி கூறுகிறது (மத் 26:30). முதல் நற்கருணைக் கொண்டாட்டமே பாடலோடுதான் நிறைவுற்றது. திருப்பாடல்களையும் புகழ்ப்பாக்களையும் நன்றியோடு பாடும்படி புனித பவுல் கொலோசை மக்களை ஊக்குவிக்கிறார் (கொலோ 3:16). 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, தன் ஆறாம் பிரிவு முழுவதையும் திரு இசைக்கே ஒதுக்கியது. இசை வழிபாட்டுக்கு வெளியிலிருந்து கட்டப்படும் தோரணம் அல்ல, வழிபாட்டின் உள்ளுறுப்பு என்று அது கற்பித்தது (எண் 112). ஆகவே அந்த அம்மாவின் ஆசை நியாயமானதே.

ஆனால் விவிலியத்தில் வேறொரு குரலும் உண்டு. நீதியை மறந்து விழாக் கொண்டாடிய மக்களின் பாடல்கள் வெறும் இரைச்சலாகவே தம் காதில் விழுவதாக ஆண்டவர் ஆமோஸ் இறைவாக்கினர் வழியாக உரைத்தார் (ஆமோ 5:23). ஆவியோடு பாடினால் மட்டும் போதாது, அறிவோடும் பாட வேண்டும் என்கிறார் புனித பவுல் (1 கொரி 14:15).

இந்த இரு குரல்களுக்கும் இடையே தவித்தவர் புனித அகுஸ்தினார். மனம் மாறிய நாள்களில் மிலான் ஆலயத்தின் பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் வடித்தவர் அவர். ஆயினும் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் புத்தகத்தில், பாடலின் பொருளைவிடப் பாடுபவரின் குரல் தம்மை அதிகம் உருக்கும் வேளையில் தாம் பாவம் செய்வதாக ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். புனித அத்தனாசியார் திருப்பாடலைப் பேச்சுக்கு நெருக்கமாகவே இசைக்கச் செய்தார் என்பதையும் நினைவுகூர்கிறார். முடிவில் அவர் பாடலைத் தள்ளிவிடவில்லை. தளர்ந்த உள்ளம் பக்தியில் எழும்ப அது உதவும் என்று ஏற்றுக்கொள்கிறார். பாடுபவர் இருமுறை செபிக்கிறார் என்ற வாக்கை அவர் பெயரில் நாம் அடிக்கடி சொல்கிறோம். உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் போதனை (எண் 39) அதைப் பழமொழி என்றே குறிப்பிடுகிறது. 'நன்றாகப் பாடுபவர்' என்பதே அதிலுள்ள சொல். அந்த 'நன்றாக' என்பதை நாம் விட்டுவிட்டோம்!

மாறிய விதிகள், மாறாத அளவுகோல்

திரிதெந்தின் பொதுச்சங்கம் 1562-இல், தகாத உணர்வுகளைத் தூண்டும் இசையை ஆலயங்களிலிருந்து விலக்கும்படி பணித்தது. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22 அன்று, புனித செசிலியா திருநாளில், திரு இசை பற்றிய தம் மடலை வெளியிட்டார். பியானோவும் முரசு, தாளம் போன்ற ஓசைமிக்க கருவிகளும் ஆலயத்தில் கூடாது என்றார். பாடலுக்காகக் குருவைப் பீடத்தில் காத்திருக்கச் செய்யலாகாது என்றும், இசை திருவழிபாட்டின் தாழ்மையான பணிப்பெண் என்றும் கற்பித்தார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம், குழல் ஆர்கனுக்கு உயர்ந்த இடம் அளித்தபோதே, வழிபாட்டுக்குப் பொருந்தும் பிற கருவிகளுக்கும் கதவு திறந்தது (எண் 120). அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புத் தரச் சொன்னது (எண் 119). அதன் பயனாகவே இன்று நம் ஆலயங்களில் கர்நாடக இசையும் கிராமிய மெட்டும் ஒலிக்கின்றன. திருச்சியில் 1977-இல் தொடங்கப்பட்ட கலைக்காவிரி போன்ற நிறுவனங்கள் இப்பணிக்கு உரமிட்டன. கருவிகளின் பட்டியல் மாறியது. ஆனால் இசை பணிப்பெண்ணாகவே இருக்க வேண்டும் என்னும் அளவுகோல் மாறவில்லை.

எண்ணிக்கை அல்ல, வரிசை

எத்தனை பாடல்கள் என்ற கேள்விக்குத் திருச்சபை எண்ணிக்கையால் பதில் சொல்லவில்லை, வரிசையால் பதில் சொல்கிறது. 1967 மார்ச் 5 அன்று வெளியான 'மூசிக்காம் சாக்ராம்' என்னும் போதனை ஏடு, பாடப்படும் பகுதிகளை மூன்று படிகளாகப் பிரிக்கிறது (எண் 28-31).

முதற்படி: குருவின் வாழ்த்தும் மக்களின் பதிலும், திருக்குழும மன்றாட்டு, நற்செய்தியின்போது மக்கள் தரும் பதில்கள், காணிக்கை மன்றாட்டு, தொடக்கவுரையும் அதற்கு முன்வரும் உரையாடலும், 'தூயவர்' பாடலும், நற்கருணை மன்றாட்டின் இறுதிப் புகழுரையும் ஆமெனும், ஆண்டவர் கற்பித்த செபம், சமாதான வாழ்த்து, நற்கருணை உட்கொண்டபின் சொல்லும் மன்றாட்டு, மக்களை அனுப்பிவைக்கும் சொற்கள்.

இரண்டாம் படி: 'ஆண்டவரே இரக்கமாயிரும்', 'உன்னதங்களிலே', நம்பிக்கை அறிக்கை, விசுவாசிகளின் மன்றாட்டு, இறைவனின் செம்மறியை நோக்கிய மன்றாட்டு.

மூன்றாம் படி: வருகைப் பாடல், வாசகத்திற்குப் பின்வரும் பாடல், அல்லேலூயா, காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல், தகுமானால் வாசகங்கள்.

இரண்டாம், மூன்றாம் படிகளை முழுமையாகவோ பகுதியாகவோ பயன்படுத்தலாம். ஆனால் முதற்படி இல்லாமல் அவற்றைப் பாடலாகாது என்கிறது அந்த ஏடு. 2002-ஆம் ஆண்டின் பொதுப் போதனையும், குருவும் மக்களும் மாறி மாறியோ சேர்ந்தோ பாடும் பகுதிகளுக்கே முதலிடம் தரச் சொல்கிறது. வார நாள்களில் எல்லாவற்றையும் பாட வேண்டியதில்லை. ஞாயிறுகளிலும் கடன் திருநாள்களிலும் பாடலே இல்லாமல் போகக் கூடாது (எண் 40). பதிலுரைப் பாடலைப் பாடுவது நல்லது, குறைந்தது மக்களின் பல்லவியையாவது பாட வேண்டும் என்றும் அது விரும்புகிறது (எண் 61).

நாம் தலைகீழாகக் கட்டியிருக்கிறோமா?

இப்போது நம் ஞாயிறு திருப்பலியை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் படியில் உள்ள வருகைப் பாடலுக்கு நான்கு சரணம், காணிக்கைப் பாடலுக்கு நான்கு சரணம், திருவிருந்துக்கு இரண்டு பாடல்கள், அதன்பின் நன்றிப் பாடல். முதற்படியில் உள்ள தொடக்கவுரையையோ குரு வேகமாக வாசித்து முடிக்கிறார். மக்களின் 'ஆமென்' முணுமுணுப்பாக அடங்கிவிடுகிறது. அடித்தளம் போடாமல் மாடி கட்டியிருக்கிறோம்.

இதில் முதல் குற்றம் அருள்பணியாளர்களாகிய எங்களுடையது. குருமடத்தில் கற்ற இசையைக் குரல் சரியில்லை, நேரமில்லை என்று காரணம் சொல்லிக் கைவிட்டோம். பாடும் பொறுப்பு முழுவதையும் பாடற்குழுவிடம் ஒப்படைத்தோம். பிறகு பாடற்குழு நீட்டுகிறது என்று அவர்களையே குறை கூறினோம்!

ஒரு பாடலுக்கு நான்கு நிமிடம் என்றால் எட்டுப் பாடல்களுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிறது. காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் பார்த்து, ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிறும் வேலைக்குப் போகும் மக்களுக்கு அந்த அரைமணி பெரிது. நேரம் போதவில்லை என்றால் நாம் வெட்டுவது பாடலை அல்ல, மௌனத்தை.

மௌனமும் வழிபாடே

எலியா இறைவாக்கினர் பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் ஆண்டவரைக் காணவில்லை. அவற்றுக்குப் பின் வந்த மெல்லிய ஒலியில்தான் அவரது உடனிருப்பை உணர்ந்து முகத்தை மூடிக்கொண்டார் (1 அர 19:11-13). பாவத்துயர்ச் சடங்கிலும், 'மன்றாடுவோமாக' என்ற அழைப்புக்குப் பின்னும், வாசகத்துக்கும் மறையுரைக்கும் பின்னும், நற்கருணை உட்கொண்ட பின்னும் மௌனம் காக்கும்படி பொதுப் போதனை கேட்கிறது (எண் 45). திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூன் 29 அன்று வெளியிட்ட 'தெசிதேரியோ தெசிதெராவி' மடலிலும், வழிபாட்டுச் செயல்களுள் மௌனத்துக்குத் தனிச்சிறப்பான இடம் உண்டு என்று கற்பித்தார்.

குரு நற்கருணை மன்றாட்டைச் சொல்லும்போது பின்னணியில் கீபோர்டு வாசிப்பது பக்தியைத் தூண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் குரு தலைமை தாங்கிச் சொல்லும் மன்றாட்டுகளின்போது வேறு செபமோ பாடலோ கருவி இசையோ கூடாது என்பதே விதி (எண் 32). தறிச் சத்தத்திலும் ஓவர்லாக் சத்தத்திலும் வாரமெல்லாம் வாழும் நம் மக்களுக்கு, ஆலயத்தின் ஐந்து நிமிட அமைதி வேறெங்கும் கிடைக்காத கொடை அல்லவா?

எங்கள் பங்கில் நடந்தது

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, ஒரு தவக்காலத்தில் காணிக்கைப் பாடலையும் நன்றிப் பாடலையும் நிறுத்தும்படி திடீரென்று அறிவித்தோம். பாடற்குழுவில் இருந்த மகள் ஒருத்தி கண் கலங்கினாள். விடுதியில் தங்கி வேலை செய்பவள். "வாரம் முழுக்கக் கம்பெனிக்காக ஓடுறோம் ஃபாதர். பாட்டுப் பழகுற அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்குன்னு இருக்கு" என்றாள். நாம் எண்ணிக்கையை மட்டும் பார்த்தோம், ஆளைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பாடற்குழுவினரும் இறைமக்களே. அவர்களது பாடல் அவர்களது செபம்.

ஆகவே குறைப்பதை நிறுத்திவிட்டு, வரிசையை மாற்றத் தொடங்கினோம். முதலில் நாங்களே பாடக் கற்றோம். தொடக்கவுரையைக் கருவி எதுவுமின்றி, நம் ஊரில் விருத்தம் பாடுவது போல எளிதாகப் பாடினோம். பாடற்குழுவினர் திருப்பலிக்குப் பத்து நிமிடம் முன்பாக மக்களுக்குப் பதில்களையும் பதிலுரைப் பாடலின் பல்லவியையும் பழக்கினார்கள். கண் கலங்கிய அந்த மகளே பழக்குவதற்கு முன்னின்றாள். நன்றிப் பாடல் இருந்த இடத்தில் மௌனம் வந்தது.

எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்ல மாட்டோம். இருவர் குழுவிலிருந்து விலகினார்கள். அந்த அம்மாவுக்கு இன்றும் ஒரு பாட்டு குறைவுதான். ஆனால் எதிர்பாராத ஒன்று நடந்தது. கடைசி வரிசையில் வாய் திறவாமல் நிற்கும் ஜார்க்கண்ட் இளைஞர்கள், சில வாரங்களில் 'ஆமென்', 'அல்லேலூயா', 'தூயவர்' ஆகியவற்றை உரத்த குரலில் பாடினார்கள். நான்கு சரணப் பாடலைத் தமிழ் வாசிக்கத் தெரியாதவர் பாட முடியாது. சிறிய பதிலை யாரும் பாடலாம். முதற்படிக்குத் திருச்சபை ஏன் முதலிடம் தந்தது என்பதை நமக்கு விளக்கியவர்கள் அவர்களே.

நடைமுறைக்குச் சில குறிப்புகள்

1. வருகைப் பாடல் பவனிக்குத் துணை. குரு பீடத்தை வணங்கி இருக்கைக்கு வந்ததும் நிறைவு செய்யலாம். ஒன்றிரண்டு சரணம் போதும்.

2. 'உன்னதங்களிலே' வாசகத்தை வேறு பாடலால் மாற்றலாகாது (எண் 53). 'தூயவர்', 'செம்மறி' ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். பதிலுரைப் பாடலுக்குப் பதிலாக வேறு பக்திப் பாடலும் கூடாது.

3. திருவிருந்துப் பாடல் மக்கள் நூலைப் பார்க்காமல் பாடக்கூடிய பல்லவி உடையதாக இருக்கட்டும். எழுந்து நடந்து வருபவர் கையில் பாடல் நூல் இருக்காது.

4. தவக்காலத்தில் கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம். தவக்கால நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு (எண் 313). திருவருகைக் காலத்தில் மிதமாக வாசிக்கலாம்.

5. திரைப்பட மெட்டில் சொற்களை மட்டும் மாற்றிப் பாட வேண்டாம். மெட்டு ஒலித்ததும் மக்கள் மனத்தில் வருவது படக்காட்சியே.

6. கடைசி வரிசையில் நிற்பவரின் குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு ஸ்பீக்கர் ஒலித்தால், அது அவரைப் பாட அழைக்கவில்லை, வாயை அடைக்கிறது.

7. பாடல்களைச் சனிக்கிழமை இரவு அவசரமாக முடிவு செய்யாமல், பங்குத்தந்தையும் பாடற்குழுவினரும் அந்த ஞாயிறின் வாசகங்களைச் சேர்ந்து வாசித்துத் தேர்ந்துகொள்ளட்டும்.

அன்புக்குரியவர்களே, எவ்வளவு பாடல் என்று கேட்கும்போது, யார் பாடுகிறார்கள் என்றும் கேட்போம். இரவு ஷிப்ட் முடித்து வந்த தம்பிக்கு அமைதியில் ஆண்டவரோடு பேச இடம் இருக்கிறதா? அந்த அம்மாவின் குரல் பாடலில் சேர்கிறதா? மொழி தெரியாத சகோதரர் 'ஆமென்' என்று பாட முடிகிறதா? இம்மூன்றுக்கும் இடமுள்ள திருப்பலியில் பாடலின் அளவு சரியாகவே இருக்கும். அத்தகைய வழிபாட்டை நம் பங்குகளில் கட்டியெழுப்ப இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.