முகமூடியின் வாரிசுகள்: சித்திரக்கதைகளில் வேடமரபு

1. வரையறை

சித்திரக்கதை நாயகர்களில் பெரும்பாலோர் மூப்படைவதில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்துப் புரட்டினாலும் அதே முகம், அதே வலு. அவர்களுக்கு வாரிசு தேவைப்படுவதில்லை. சிறுபான்மையான இன்னொரு வகையினர் உண்டு. அவர்கள் மூப்படைவார்கள், அடிபடுவார்கள், சாவார்கள். அவர்கள் தாங்கிய பெயர் மட்டும் சாவதில்லை. இந்த இரண்டாம் வகையை மட்டுமே இங்கு ஆராய்கிறோம்.

இதனை 'வேடமரபு' எனக் குறிப்போம். வேடமரபாவது, போர்க்கலை வல்ல ஒருவரின் பெயர், தோற்றம், கடமை ஆகிய மூன்றும் ஒருங்கே இன்னொருவருக்குக் கைமாறுவது. மூன்றும் சேர்ந்தே கைமாற வேண்டும். தோற்றம் மட்டும் கைமாறினால் அது ஆள்மாறாட்டம். பெயர் மட்டும் கைமாறினால் பட்டம். கடமை மட்டும் கைமாறினால் பதவி.

இவ்வரையறையால் தமிழ் வாசகர் நன்கறிந்த ஒருவரை முதலிலேயே விலக்க வேண்டியிருக்கிறது. 1972ல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்ட இரும்புக்கை மாயாவி தனியாள். அவருக்கு முன்னவரும் இல்லை, பின்னவரும் இல்லை. ராணி காமிக்ஸ் பின்னாளில் வேதாளரையும் மாயாவி என்ற பெயரிலேயே வெளியிட்டதால் இருவரையும் ஒருவராக எண்ணும் வழக்கம் இன்றும் இருக்கிறது. நாம் எடுத்துக்கொள்வது முகமூடி அணிந்த, மண்டையோட்டுக் குகையில் வாழும் வேதாளரை.

2. மூன்று வழிகள்

வேடமரபு கைமாறும் வழிகளை மூன்றாகப் பகுக்கலாம். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்வது குருதிவழி. சோதனையில் வென்றவருக்குச் செல்வது தேர்வுவழி. ஆற்றல் தங்கியிருக்கும் ஒரு பொருளை அடைந்தவருக்குச் செல்வது பொருள்வழி.

2.1 குருதிவழி

இதன் முழுமையான எடுத்துக்காட்டு வேதாளர். அமெரிக்கரான லீ ஃபால்க் படைத்த இப்பாத்திரம் 1936 பிப்ரவரி 17 அன்று நாளிதழ்த் தொடராகத் தோன்றியது. தொடருக்குள் மரபின் தொடக்கம் அதற்குச் சரியாக நானூறு ஆண்டுகள் முன்பு, 1536ல், வைக்கப்பட்டிருக்கிறது. கடற்கொள்ளையர் கப்பலைத் தாக்கித் தந்தையைக் கொல்கின்றனர். கரை ஒதுங்கிப் பிழைத்த மகன், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின்மேல் உறுதி எடுக்கிறான்: கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி ஆகியவற்றை ஒழிப்பதே தன் வாழ்வு, தன் வழித்தோன்றல்களும் அதையே செய்வர். நாம் பக்கங்களில் காண்பவர் அந்த வரிசையில் 21ஆம் வேதாளர்.

1536 என்பது மலாக்கா போர்த்துகீசியர் கையில் விழுந்து 25 ஆண்டுகள் கழிந்த காலம். தொடக்ககாலத் தொடரில் வேதாளரின் காடு ஆசியாவில்தான் இருந்தது. ஆப்பிரிக்காவுக்கு அது பின்னால்தான் பெயர்ந்தது. மலாக்கா நீரிணையைப் பார்த்தபடி வளர்ந்த, மலேசியாவின் லுக்குட் ஊர் வாசகருக்குக் கடற்கொள்ளையர் என்பது தொலைதேசத்துச் செய்தி அல்ல. 1964ல் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் இந்திய மொழிகள் பலவற்றில் வேதாளரைப் பரப்பியது. பின்னர் தமிழ்நாட்டு வார, மாத இதழ்களோடு சித்திரக்கதைகளும் கடல் கடந்து வந்தன. ஒரு பிரதி பல கைகள் மாறி, அட்டை கிழிந்த பிறகும் படிக்கப்பட்டது. இங்குள்ள ரப்பர்த் தோட்டப்புறத்தில் அதற்கு மதிப்பு அப்படி.

குருதிவழியின் வலிமை ஐயமின்மை. யார் அடுத்தவர் என்ற கேள்வி எழுவதே இல்லை. வலுக்குறையும் அங்கேயே இருக்கிறது: பிள்ளைக்குத் திறமை இல்லாவிட்டால் என்ன செய்வது? இருபது தலைமுறைகளில் ஒரு கோழைகூடப் பிறக்கவில்லை என்பதை நாம் நம்ப வேண்டும் என்கிறது கதை. இதில் ஃபால்க் நம்மிடம் கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறார் என்பது எம் கருத்து. மெய்யான வரலாறு இத்தகைய உறுதியைத் தருவதில்லை. லுக்குட்டையே பார்ப்போம். புக்கிட் காஜா மாத்தி குன்றின்மேல் 1847ல் கோட்டை எழுப்பி, ஈயத்தொழிலால் இவ்வூரைச் செழிக்கவைத்தவர் ராஜா ஜுமாஅத். 1864ல் அவர் மறைந்தபின் ஆட்சி மகன் ராஜா போட்டிடம் சென்றது. ஈயம் குறைந்தது, செழிப்பும் குறைந்தது; 1880ல் லுக்குட் சிலாங்கூரிடமிருந்து சுங்கை ஊஜோங் கைக்கு மாறியது. மகனிடம் குறை இருந்தது என்று இதனால் சொல்லிவிட முடியாது. குருதி பதவியைக் கொண்டுசேர்க்கும், காலத்தைக் கொண்டுசேர்க்காது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

ஃபால்க் இச்சிக்கலை ஓரிடத்தில் நேராகவே தொடுகிறார். 17ஆம் வேதாளர் செயலிழந்து கிடந்தபோது அவருடைய இரட்டைச் சகோதரி ஜூலி முகமூடி அணிந்து களம் இறங்குகிறாள். மகன் என்ற விதி அங்கே தளர்கிறது, உறுதிமொழி தளரவில்லை. 1977ல் திருமணம் செய்விக்கப்பட்ட 21ஆம் வேதாளருக்குப் பிறந்தவர்களும் ஆணும் பெண்ணுமாக இரட்டையர்தாம். குருதிவழியிலும் 'யார்' என்ற கேள்விக்கு இடம் உண்டாயிற்று.

2.2 தேர்வுவழி

மார்வெல் நிறுவனத்தின் அயர்ன் ஃபிஸ்ட் 1974ல் ராய் தாமஸ், கில் கேன் இருவராலும் படைக்கப்பட்டவர். குன்-லுன் என்னும் மறைநகரில் ஆசான் லெய் குங்கிடம் பயின்று, ஷோ-லாவோ என்னும் பறவைநாகத்தை வென்று, அதன் கொதிக்கும் இதயத்தில் இரு கைகளையும் அமிழ்த்தியவருக்கே இப்பெயர் உரியது. முதல் முப்பது ஆண்டுகள் டேனி ராண்ட் ஒருவரே அயர்ன் ஃபிஸ்ட்டாக வாசகருக்குத் தெரிந்தார். 2006ன் இறுதியில் தொடங்கிய புதிய தொடரில்தான் அவர் 66ஆமவர் என்பதும், அவருக்கு முன் ஓர்சன் ராண்டல் முதலிய பலர் இருந்தனர் என்பதும் விரிந்தன. அவர்களுள் 16ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளையர் தலைவியான வூ ஆவ்-ஷி என்னும் பெண்ணும் ஒருத்தி. வேதாளர் மரபு கொள்ளையரை எதிர்த்துப் பிறந்தது. இம்மரபோ கொள்ளையர் தலைவியையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. தேர்வு பிறப்பைக் கேட்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 2022ல் இப்பெயர் லின் லியே என்னும் சீனருக்குச் சென்றது. கிழக்கத்திய கலைக்கு வெள்ளைக்காரர் ஒருவர் முகமாக இருப்பது பற்றி நெடுங்காலமாக எழுந்த குறைகூறலுக்கு இம்மாற்றம் ஓரளவு விடையாயிற்று.

2.3 பொருள்வழி

மூன்றாவது, ஒயிட் டைகர். 1975ல் பில் மான்ட்லோ, ஜார்ஜ் பெரெஸ் இருவரும் படைத்த ஹெக்டர் அயாலா நியூயார்க்கில் வாழும் போர்ட்டோ ரிக்கோ இளைஞன். மூன்று போர்க்கலைஞர்கள் கைவிட்டுப்போன பச்சைமணித் தாயத்துகளை, ஒரு புலித்தலையும் இரு பாதங்களும், கண்டெடுத்து அணிகிறான். அணிந்தவுடன் ஆற்றலும் சண்டைத் திறமும் வந்துவிடுகின்றன. அவன் இறந்தபின் தாயத்துகள் மருமகள் ஏஞ்சலா டெல் டோரோவிடம் சேர்கின்றன. பின்னர் அவன் இளைய தங்கை ஏவா அயாலா 2011ல் இப்பெயரோடு தோன்றுகிறாள். இடையில் காஸ்பர் கோல் என்பவர் தாயத்து இல்லாமலே இப்பெயரை ஏற்றார். அவரோடு பொருள்வழி என்ற விதியே குலைந்துவிடுகிறது.

3. மறைமரபும் வெளிமரபும்

மேற்கண்ட பகுப்பு எவ்வழியாக என்பதைச் சொல்கிறது. யாருக்குத் தெரியும் என்பது வேறு கேள்வி. அடுத்தவர் வந்தது உலகுக்குத் தெரியாதிருப்பது மறைமரபு, தெரிந்திருப்பது வெளிமரபு. அயர்ன் ஃபிஸ்ட் மரபு குன்-லுன் நகரத்தார்க்கு வெளிப்படை. ஒயிட் டைகர் நியூயார்க் செய்தித்தாள்களுக்கே வெளிப்படை; ஹெக்டர் நீதிமன்றத்தில் நின்றவன்.

வேதாளர் மட்டுமே முழு மறைமரபு. கானகத்தார் அவரைச் சாவில்லாத ஒருவர் என்றே நம்புகின்றனர். அந்நம்பிக்கையே அவருடைய முதன்மையான படைக்கலம். இரண்டு கைத்துப்பாக்கிகளும் குத்துச்சண்டைப் பயிற்சியும் அதற்கு அடுத்தவை. பப்புவா நியூ கினியின் வாகிப் பள்ளத்தாக்கு மக்கள் தம் போர்க்கேடயங்களில் வேதாளர் உருவைத் தீட்டிக்கொண்டனர். சாவில்லாதவர் உருவம் கேடயத்துக்குப் பொருத்தமென அவர்கள் கண்டிருக்க வேண்டும். கதைக்குள்ளிருந்த உத்தி கதைக்கு வெளியேயும் செல்லுபடியாயிற்று.

ஆயினும் மறைமரபு விலையில்லாமல் வருவதல்ல. முன்னவருக்கு வெளியுலகில் கல்லறை இல்லை. அவர் தனித்துச் செய்த வீரம் எதுவும் அவர் பெயரில் நிற்காது. எல்லாம் ஒருவர் செய்ததாகவே போகும். இக்குறையை ஈடுசெய்ய ஃபால்க் கண்ட வழி வரலாற்றேடு. மண்டையோட்டுக் குகையில் ஒவ்வொரு வேதாளரும் தம் செயல்களைத் தம் கையாலேயே எழுதிவைக்கின்றனர். அடுத்தவர் அதைப் படித்தே வளர்கிறார். உலகுக்கு ஒருவர், ஏட்டுக்கு இருபத்தொருவர். கதாசிரியர் விரும்பிய நூற்றாண்டுக்குள் நுழைய இந்த ஏடே வாயில் என்பதும் மறைவான காரணம்.

4. கைமாற்றத்தின் நிலைகள்

எவ்வழி ஆயினும் கைமாற்றம் நான்கு நிலைகளைக் கொண்டது. பயிற்சி: கலை உடலில் ஏறுதல். வெறுமை: முன்னவர் நீங்குதல். ஏற்பு: உறுதிமொழியோ சோதனையோ மூலம் அடுத்தவர் பெயரைத் தாங்குதல். பதிவு: நடந்தது எழுதப்படுதல்.

இந்நிலைகளின் வரிசைதான் மரபின் உறுதியை முடிவு செய்கிறது என்பது எம் துணிபு. 21ஆம் வேதாளர் சிறுவயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டுப் படிப்பிலும் விளையாட்டிலும் குத்துச்சண்டையிலும் தேர்ந்தபின், தந்தை மரணப்படுக்கையில் கிடக்கும்போது திரும்பி, உறுதி எடுக்கிறார். பயிற்சி, வெறுமை, ஏற்பு, பதிவு என நான்கும் முறையாக நிகழ்கின்றன. அயர்ன் ஃபிஸ்டில் பயிற்சியும் ஏற்பும் கடுமையானவை; ஆனால் வெறுமை ஒழுங்கற்றது. ஓர்சன் ராண்டல் தன் கடமையைத் துறந்து ஓடிவிட, அவர் உயிரோடிருக்கும்போதே டேனி ராண்ட் அப்பெயரைப் பெறுகிறார். ஒருகாலத்தில் இரு அயர்ன் ஃபிஸ்ட்டுகள் இருந்தனர் என்பதே அத்தொடரின் சுவை, அம்மரபின் ஓட்டையும் அதுவே.

ஒயிட் டைகரில் வெறுமை முதலில் வருகிறது, பிறகு ஏற்பு. பயிற்சி கடைசியில்தான்: ஏஞ்சலா தாயத்தை அணிந்த பிறகே டேர்டெவில் என்னும் நாயகனிடம் கற்கிறாள். பதிவு என்ற நிலையே இல்லை. முன்னவர் எப்படி வாழ்ந்தார், எங்கே தவறினார் என்பதை அடுத்தவர் குடும்பத்தார் பேச்சிலிருந்தே அறிய வேண்டும். இப்பெயர் பல கைகள் மாறியும் எவரிடமும் நெடுங்காலம் நிலைக்காததற்குக் காரணம் விற்பனை மட்டும் அல்ல. பயிற்சி இல்லாத இடத்தில் மரபு ஒட்டுவதில்லை. தாயத்து ஆற்றலைத் தரலாம். சண்டையில் எப்போது அடிக்கக்கூடாது என்பதைத் தராது.

5. நம் கையிலுள்ள மரபு

போர்க்கலை உண்மையில் கைமாறும் முறை ஒன்று தோட்டப்புறத்திலேயே உண்டு. சிலம்பம், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரோடு மலாயா வந்தது. விடியலில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி வந்த ஆட்கள் மாலையில் கம்பெடுத்தனர், திருவிழாவில் சுற்றினர். சலாவரிசையில் தொடங்கிக் கால்மானம், வீச்சு, தடுப்பு எனப் படிப்படியாக ஏறும் இக்கலையில் சேர்க்கை ஆசான் வழி. மகனே கற்றாலும் அவர் முதலில் மாணாக்கர், பிறகே மகன். குருதிவழியும் தேர்வுவழியும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் நான்காம் வழி இது. ஆசான்வழி எனப் பெயரிடுவோம். முகமூடி இதில் இல்லை, பெயரும் கைமாறுவதில்லை. ஆகவே நம் வரையறைப்படி இது வேடமரபு அல்ல. கடமையும் கலையும் மட்டும் கைமாறுகின்றன.

இவ்வழியில் பயிற்சி உண்டு, ஏற்பு உண்டு. பதிவுதான் இல்லை. விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின. ஆட்கள் போர்ட்டிக்சனுக்கும் சிரம்பானுக்கும் அதற்கு அப்பாலும் பிரிந்தபோது ஆசான் வரிசையும் அவர்களோடு பிரிந்தது. எந்த ஆசானிடம் யார் கற்றார், அவருடைய ஆசான் யார், எந்தத் தோட்டத்தில், எந்த வரிசை என்பவை நினைவில் மட்டும் தங்கின. கற்பனை வேதாளருக்கு இருபத்தொரு தலைமுறைக்கு ஏடு இருக்கிறது. நம் ஆசான்களுக்கு மூன்று தலைமுறைக்கும் இல்லை.

எனவே லுக்குட், சுவா பெத்தோங், தானா மேரா, லின்சம், பிராட்வெல் சுற்றுவட்டாரத்தில் கம்பு பிடித்த எவரேனும் இதைப் படித்தால், தம் ஆசான் பெயர், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயர், கற்ற இடம், கற்ற வரிசைகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதித் தேதியிட்டு வைக்க வேண்டுகிறோம். அச்சிட வேண்டியதில்லை. ஊர்க் கோயிலிலோ தமிழ்ப்பள்ளி நூலகத்திலோ ஒரு படி இருந்தால் போதும்.