ஐந்து பூட்டுப் பெட்டி

மாதச் சம்பளச் சீட்டில் சொக்சோ என்று ஒரு சிறு தொகை பிடித்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "கை கால் நன்றாக இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்பவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து வைப்பதும், ஊனமுற்றபின் உதவி கேட்டு வழக்காடுவதும் நம் காலத்தில் தோன்றியவை அல்ல. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தின் கப்பல் தொழிலாளர்கள் இவ்வழக்கைத் தொடங்கிவிட்டார்கள்.

1588ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் பெரும் கப்பற்படையை இங்கிலாந்து வென்றது. வென்ற மாலுமிகளின் கதி என்ன? மார்கேட் என்னும் ஊரின் தெருக்களில் நோயால் மடிந்தார்கள். அவர்களுக்குக் கூலி கூடச் சரிவரக் கிடைக்கவில்லை. இதைக் கண்ட டிரேக், ஹாக்கின்ஸ் ஆகிய தளபதிகள் சாத்தம் என்ற துறைமுகத்தில் ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். மாலுமியின் மாதக் கூலி அப்போது 10 ஷில்லிங், அதாவது 120 பென்ஸ். அதில் 6 பென்ஸ் பிடிக்கப்பட்டது. இருபதில் ஒரு பங்கு! அந்தப் பணத்தை வைக்க இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்கு ஐந்து பூட்டுகள். தனி ஒருவர் திறக்க முடியாதபடி, ஐந்து சாவிகளும் வெவ்வேறு ஐந்து பேரிடம் இருந்தன.

பூட்டு ஐந்து இருந்தும் பணம் கசியத்தான் செய்தது. கடற்படை அலுவலகத்தில் பணிபுரிந்த சாமுவேல் பீப்ஸ் என்பவர், இந்நிதியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 1662இல் தம் நாட்குறிப்பிலேயே எழுதி வைத்தார். திருட்டைக் காவல் காக்கத் தெரிந்தவர்களுக்குத் தங்களையே காவல் காக்கத் தெரியவில்லை போலும்!

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒரு காலோ கையோ இழந்தவனுக்கு ஆண்டுக்கு 6 பவுன் 13 ஷில்லிங் 4 பென்ஸ் கொடுத்தார்கள். இரு கால்களும் போனால் அதைப்போல் இரு மடங்கு. கண் ஒன்றுக்கு 4 பவுன். கை உடலோடு இருந்தும் பயன்படாமல் போனால் 5 பவுன். வழக்கு பிறப்பது இந்தக் கடைசி இனத்தில்தான். வெட்டுண்ட கையை எவரும் காணலாம். தோளோடு தொங்கும் கை தூக்க வருமா வராதா என்பதைச் சொல்லப்போவது யார்? வலிப்பவன் சொன்னால் போதாது, வைத்தியர் சொல்லவேண்டும். வேலையில்தான் காயம் பட்டது என்பதற்குக் கப்பல் அதிகாரிகள் ஒப்பமிட்ட சீட்டும் வேண்டும்.

நாம் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை ஒருவனின் தந்தைக்குச் செம்பனை மட்டை கண்ணில் பட்டது. "சரியாகிவிடும்" என்று அவர் டிரெசரிடம் போகவில்லை. மூன்று வாரம் கழித்துப் பார்வை மங்கியபோது, "அன்று பார்த்தவர் யார்?" என்று கேட்டார்கள். மாலுமியின் சீட்டு நமக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இதைவிடப் பெரிய அநீதி வணிகக் கப்பல் தொழிலாளருக்கு நேர்ந்தது. கிரீன்விச் நகரில் ஊனமுற்ற கடற்படையினருக்காக ஓர் இல்லம் 1694இல் நிறுவப்பட்டது. அதன் செலவுக்காக, 1696இல் இயற்றிய சட்டப்படி, வணிகக் கப்பல்காரனிடமும் மாதம் 6 பென்ஸ் பிடித்தார்கள். ஆனால் எதிரியோடு போரிட்டுக் காயம்பட்டாலன்றி அவனுக்கு அங்கே இடம் இல்லை. பாய்மரத்தின் உச்சியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவன் வீட்டுத் திண்ணையில் கிடக்கவேண்டியதுதான். இந்தப் பிடித்தம் 1834 வரை, 138 ஆண்டுகள், நீடித்தது.

இடையில், 1747இல், வணிகக் கப்பல்காரருக்கென்றே ஒரு நிதி எழுந்தது. அதற்கு மேலும் 6 பென்ஸ் பிடித்தார்கள். பணம் தொழிலாளியுடையது, நிர்வாகம் வணிகர்களுடையது. துறைமுகத்துக்குத் துறைமுகம் உதவித்தொகை வேறுபட்டது. முடிவில் அந்த நிதி கடனில் மூழ்கி, 1851இல் சட்டம் போட்டு மூடப்பட்டது. வாழ்நாளெல்லாம் கொடுத்து வந்தவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும்!

பிறகுதான் எண்ணம் திரும்பியது: வேலையில் பட்ட காயத்துக்கு வேலை வாங்கியவரே பொறுப்பு. இங்கிலாந்தில் 1897இல் வந்த தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் ரயில்வே, தொழிற்சாலை, சுரங்கம் ஆகியவற்றில் உழைப்போருக்கு அந்த உரிமையைத் தந்தது. 1900இல் விவசாயத் தொழிலாளர் சேர்க்கப்பட்டனர். மாலுமிகள் 1906 வரை காத்திருந்தார்கள். இந்தியாவில் 1923இல் வந்த சட்டம் கப்பல் தொழிலாளரில் ஒரு பகுதியினரையும் உள்ளடக்கியது. மலாயாவில் 1952இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் பிறந்தது. சொக்சோ சட்டம் 1969இல் நிறைவேறி, 1971இல் செயலுக்கு வந்தது.

வேலை விபத்துத் திட்டத்துக்கான சந்தாவை முதலாளியே செலுத்துகிறார். நம் சம்பளத்தில் பிடிக்கும் பங்கு, வேலையால் அல்லாமலும் உடல் செயலிழந்து போனால் உதவும் திட்டத்துக்குச் சேர்கிறது. ஊனம் எத்தனை விழுக்காடு என்பதை மருத்துவ வாரியம் முடிவு செய்கிறது. அம்முடிவை ஏற்காதவர் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்தை நாடலாம்.

சாத்தம் பெட்டி 1803இல் கிரீன்விச்சுக்குக் கொண்டுபோகப்பட்டது. இன்று அது அரும்பொருளாகக் காக்கப்படுகிறது. உள்ளே பணம் இல்லை, பூட்டுகள் மட்டும் இருக்கின்றன.