காக்கை வன்னியன் வேடம் யாருக்கு?

 

ஆகஸ்ட் 25 நெருங்கினால் முல்லைத்தீவில் பண்டார வன்னியன் பேச்சு வந்துவிடும். நாங்களும் வகுப்பில் பிள்ளைகளைக் கொண்டு சின்னதாக ஒரு நாடகம் போடுவோம். பண்டார வன்னியனாக வரப் பத்துப் பேர் கை உயர்த்துவார்கள். வெள்ளைக்காரத் தளபதிக்கும் ஆள் கிடைக்கும், தொப்பி போடலாமே! காக்கை வன்னியனுக்குத்தான் ஒருவரும் வரமாட்டார்கள். கடைசியில் மறுத்துப் பேசத் தெரியாத ஒரு பிள்ளையின் தலையில் அது விழும். பிறகு ஒரு மாதத்துக்கு அவனுக்குப் பெயரே காக்கைதான்.

இந்த வேடம் எங்கிருந்து வந்தது?

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 1803இல் ஆங்கிலேயருக்கும் கண்டிக்கும் போர். ஜூனில் கண்டி நகரில் இருந்த ஆங்கிலேயப் படை அழிந்தது. ஆகஸ்ட் 25 அன்று பண்டார வன்னியன் கண்டியின் துணையோடு முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தார். கப்டன் வொன் டிறிபேர்க் யாழ்ப்பாணத்துக்குத் தப்பினார். ஆங்கிலேயர் சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை அனுப்பினார்கள். ஒக்டோபர் 31 அன்று ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் பண்டார வன்னியன் தோற்றார். அங்கே பின்னாளில் நட்ட கல்லிலும் தோற்கடித்த செய்திதான் இருந்தது, கொன்ற செய்தி இல்லை. மேடையில் மட்டும் அவர் அங்கேயே உயிர் விடுவார்.

மூன்று திசைப் படைக்கு முன்னால் தோற்க ஒரு காட்டிக்கொடுப்பவன் தேவையில்லை. ஆனால் கதைக்குத் தேவைப்பட்டது. தங்கையைப் பெண் கேட்டு, கிடைக்காத கோபத்தில் வெள்ளையரோடு சேர்ந்தவன் என்று காக்கை வன்னியன் உள்ளே வந்தான்.

மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையை எடுத்துப் பாருங்கள். அது ஒல்லாந்தர் காலத்து நூல், 1803க்குப் பல பத்தாண்டுகள் முந்தியது. அதில் காக்கை வன்னியன் ஏற்கெனவே இருக்கிறான்! ஊர்காவற்றுறைக்காரன். சங்கிலி மன்னனைப் போர்த்துக்கேயரிடம் காட்டிக்கொடுக்கிறான். யாழ்ப்பாண அரசு விழுந்தது 1619இல். ஏறக்குறைய இருநூறு வருடம் தாண்டி, அதே பெயரில், அதே தொழிலோடு அவன் வன்னிக்கு வந்திருக்கிறான்.

இதில் பெரிய அதிசயம் இல்லை. பிள்ளைகள் இப்போது போனில் ஆளுக்கொரு பெயர் எடுத்து ஒரே கற்பனை உலகத்துக்குள் சேர்ந்து கதை வளர்க்கிறார்கள். கூத்து ஆடிய வன்னிக்கு அது பழைய பழக்கம். காத்தவராயன் கூத்தில் ஒரே இரவில் ஆதிக் காத்தான், நடுக் காத்தான், பின் காத்தான் என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பாத்திரம் ஒன்றுதான். அண்ணாவியார் பழக்குவார், ஊரார் ஆடுவார்கள். சிலர் நேர்த்தி வைத்தும் ஆடுவார்கள். கதை யாருக்கும் தனிச் சொத்து இல்லை. பாய் கொண்டுபோய் விடிய விடியக் கூத்துப் பார்த்ததை எங்கள் வாப்பாமார் இன்னும் சொல்வார்கள்.

பண்டார வன்னியன் கதையும் அப்படித்தான் பல கைகளில் வளர்ந்தது. முள்ளியவளையின் முல்லைமணி அதை நாடகமாக எழுதினார். தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதி ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ என்று நாவலே எழுதினார். ஒவ்வொருவரும் கொஞ்சம் சேர்த்தார்கள். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, ரசிக்கவே செய்கிறோம்.

ஆனால் காக்கை வன்னியன் மேடையை விட்டு இறங்கி நடந்தான். அந்தப் பெயரே வசைச் சொல்லாயிற்று. பிடிக்காதவன் மேல், மாற்றுக் கருத்துக்காரன் மேல் எறியும் கல்லாயிற்று. காட்டிக்கொடுப்பவன் என்ற வேடத்தை விசாரணை இல்லாமல் ஒரு சமூகத்துக்கே அணிவித்தால் என்ன நடக்கும் என்பதை 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் நாங்கள் கண்டோம். உடுத்த உடுப்போடு ஊரை விட்டுப் போனோம். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பலருக்குப் பண்டார வன்னியன் யாரென்றே தெரியாது. முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்கு அதுவும் ஓர் இழப்புத்தான்.

இந்த முறை நாடகத்துக்கு முன் கரும்பலகையில் 1619, 1803 என்று இரண்டு ஆண்டுகளையும் எழுதிவிட்டோம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு மகள் எழும்பி, “சேர், அப்ப காக்கை வன்னியனுக்கு இருநூறு வயசா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு அந்த வேடத்துக்கு இரண்டு பேர் கை உயர்த்தினார்கள்.