விடிந்தால் பாதி இருட்டு

சிவகாசியில் ஒருவருக்குக் கண் பார்வை போய்விட்டது என்றால், அடுத்த கேள்வி ‘எந்த ஆலையில?’ என்பதாகத்தான் இருக்கும். பட்டாசு வெடித்தால் சத்தம் கேட்கும். ஊரே ஓடி வரும். சத்தமே இல்லாமலும் பார்வை போவதுண்டு.

அங்கே அச்சகம் நடத்தும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயது 55. பிரஷர் உண்டு, சர்க்கரையும் உண்டு. ராத்திரி காலண்டர் புரூஃபைப் பார்த்து ஓகே சொல்லிவிட்டுப் படுத்தார். காலையில் எழுந்தால் ஒரு கண்ணில் கீழ்ப்பாதி இருட்டு. வலி? துளியும் இல்லை.

‘புரையா இருக்கும். மதுரைக்குப் போய் ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிடும்’ என்பார்கள் வீட்டில்.

அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. 1976ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை மதுரையில் ஆரம்பித்த பிறகு, தென் மாவட்டங்களில் எத்தனையோ தாத்தா பாட்டிகள் ஆபரேஷன் முடிந்து பேரன் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால், இது புரை இல்லை. புரை இப்படி ஒரே ராத்திரியில் வராது. இங்கே கோளாறு கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பில். அதற்கு ரத்தம் போதவில்லை!

எந்த ரத்தக்குழாய்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆயுள் முழுக்க அலைந்தவர் ஓர் இந்தியர். பெயர் சோஹன் சிங் ஹேரே. 1927ல் பஞ்சாபில் பிறந்தவர். பாட்டியாலா மருத்துவக் கல்லூரியில், இறந்தவர்களின் கண்களுக்குள் நூலிழை போல ஓடும் ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பின்தொடர்ந்தார். 1960ல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. 1961ல் லண்டன் போனார். அங்கே குரங்குகளை வைத்துச் சோதனை. கண்ணுக்குப் பின்பக்கம் உள்ள சிலியரி ரத்தக்குழாய்களை அடைத்தால் நரம்பின் முனை பாதிக்கப்படுவதைக் கண்டார். 1974ல் இந்த நோய்க்கு அந்தக் குழாய்களின் ரத்த ஓட்டம்தான் காரணம் என்று விரிவாக எழுதினார்.

காரணம் தெரிந்தால் வைத்தியம் வந்துவிடுமா? 1989 வாக்கில் அமெரிக்காவில் ஓர் ஆபரேஷன் பரபரப்பாகப் பேசப்பட்டது. நரம்பைச் சுற்றியுள்ள உறையைக் கீறிவிட்டால் பார்வை திரும்பும் என்றார்கள். அரசு உதவியோடு முறையாகச் சோதித்தார்கள். 1995ல் ரிசல்ட் வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 100க்கு 24 பேருக்குப் பார்வை இன்னும் மோசமாகியிருந்தது. கத்தியே படாதவர்களில் 12 பேருக்குத்தான்! ஆபரேஷன் கைவிடப்பட்டது.

ஹேரே இன்னொன்றும் சொன்னார். 1997ல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நாலில் மூன்று பேர் பார்வை குறைந்ததைத் தூங்கி எழுந்ததும், அல்லது அன்று முதன்முதலாக எதையாவது உற்றுப் பார்த்தபோதுதான் கவனித்திருந்தார்கள். தூக்கத்தில் பிரஷர் இறங்கும். படுக்கும்போது பிரஷர் மாத்திரையும் போட்டால் சிலருக்கு ரொம்பவே இறங்கலாம். நரம்புக்குப் போகும் ரத்தம் குறைய அதுவும் ஒரு காரணம் என்றார். எல்லா டாக்டர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எந்த நேரத்தில் போடுவது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பலத்த குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

இந்த நோயில் இன்னொரு வகை உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் நெற்றிப்பொட்டில் வலி, சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலி, தலை சீவினால் வலி, கூடவே பார்வை மங்கல். நம் ஊரில் அபூர்வம்தான். ஆனால், வந்தால் அன்றைக்கே ஸ்டீராய்டு கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கண்ணும் போகலாம்.

நம் அச்சகக்காரருக்கு இழந்த பார்வை முழுசாகத் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால், பிரஷர், சர்க்கரை, தூக்கம் மூன்றையும் சரிபார்த்தால் இன்னொரு கண்ணைக் காப்பாற்ற வழி இருக்கிறது. ‘வலிக்கலையே, தீபாவளி ஆர்டர் முடியட்டும்’ என்று மட்டும் அவர் தள்ளிப்போடக் கூடாது.