எழுதியவர் சொல்லும் நடிப்பவர் நாவும்: சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக வாழ்வு

தமிழ் இசை நாடக வரலாற்றில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நடிகர், பாடலாசிரியர், நாடகாசிரியர், பயிற்றுநர் என்னும் நான்கு நிலைகளிலும் பணியாற்றியவராக அறியப்படுகிறார். இந்நான்கையும் தனித்தனிச் சாதனைகளாக அடுக்கிச் சொல்வதே பெருவழக்கு. ஆனால் அவருடைய வாழ்வைக் கால வரிசையில் நோக்கும்போது, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு அவரைச் செலுத்தியது ஒரே சிக்கல்தான் என்பது புலப்படும். மேடையில் ஒலிக்கும் சொல்லுக்குப் பொறுப்பாளி எழுதியவரா, அன்றிரவு பாடி நடிப்பவரா என்பதே அச்சிக்கல்.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தை தாமோதரத் தேவர் ‘இராமாயணப் புலவர்’ என்று போற்றப்பட்டவர். முதல் தமிழ்ப் பாடம் அவரிடமே தொடங்கியது. பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் பயின்று வெண்பா, கலித்துறை, இசைப்பாடல் ஆகியவற்றை இளமையிலேயே இயற்றத் தேர்ந்தார். உடுமலைச் சரபம் முத்துசாமிக் கவிராயர் அவருடன் பயின்றவர். சில காலம் உப்பளத்தில் கணக்கராக வேலை பார்த்து, ஏறத்தாழ 24ஆம் வயதில் அதை விட்டு நாடகத்துக்கு வந்தார். பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய 1891ஆம் ஆண்டை ஒட்டியதே இதுவும். படித்த நகரத்தாரின் பொழுதுபோக்கு மன்றமாக அந்தச் சபை உரைநடை நாடகத்தை வளர்த்தெடுக்க, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, நுழைவுச்சீட்டு விற்று, நடிப்பையே பிழைப்பாகக் கொண்ட ‘கம்பெனி’களின் பக்கம் சங்கரதாஸ் சேர்ந்தார்.

கம்பெனி நாடகம் என்பது தெருக்கூத்தின் நேர் வளர்ச்சியன்று. மராத்தி நாடகக் குழுக்களும் பார்சி நாடகக் குழுக்களும் தென்னகம் வந்து காட்டிய திரைச்சீலைகள், காட்சி மாற்றங்கள், இந்துஸ்தானி மெட்டுகள் ஆகியவற்றின் தாக்கத்தில், தஞ்சை கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி போன்றவை உருவாக்கிய புதிய வடிவம் அது. மேடை புதிதாயினும் பேச்சில் பழைய முறையே நீடித்தது. பாடல்கள் மட்டும் ஓரளவு வரையறுக்கப்பட்டிருக்க, பாடல்களுக்கு இடைப்பட்ட வசனத்தை நடிகர்கள் கதைப்போக்கை ஒட்டித் தாமே இட்டுக்கட்டிப் பேசினர். கம்பெனி மேடையில் சங்கரதாஸ் ஏற்ற சூத்திரதாரர் பொறுப்பு, நாடகத்தைத் தொடங்கிவைத்து அதன் போக்கை நெறிப்படுத்துவது. ஆகவே பிறர் பேச்சின் நிறைகுறைகளை அருகிலிருந்து கேட்கும் வாய்ப்பு அவருக்குத் தொடக்கத்திலேயே கிடைத்தது எனலாம்.

நடிகராக அவர் ஏற்றவை பெரும்பாலும் அச்சமூட்டும் பாத்திரங்கள்: இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன். எமனாக அவர் தோன்றியதைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்தியின் கரு கலைந்ததாகவும், சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியலில் நீர்நிலைக்குச் சென்றபோது எதிர்ப்பட்ட பெண் அதிர்ச்சியில் உயிர்நீத்ததாகவும், அதன் பின் அவர் வேடம் கட்டுவதையே நிறுத்தியதாகவும் நாடக உலகில் செய்திகள் வழங்குகின்றன. வாய்மொழியாக வந்த இவற்றை அப்படியே வரலாறாகக் கொள்வதற்கில்லை. இடையில் அவர் துறவு பூண்டு தலங்கள் தோறும் சென்றதும், அதனால் ‘சுவாமிகள்’ என்ற பெயர் நிலைத்ததும், புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் அன்புக்குரியவராகி அவரிடம் தாள நுட்பங்களைக் கற்றதும் அவருடைய எழுத்தைப் புரிந்துகொள்ள அதிகம் உதவுகின்றன. தண்டபாணி சுவாமிகளிடம் பெற்ற யாப்புப் பயிற்சியும் மான்பூண்டியா பிள்ளையிடம் பெற்ற லயப் பயிற்சியும் ஒன்றுகூடிய இடத்திலேதான் அவருடைய நாடகப் பாடல் பிறக்கிறது.

அவர் எழுதிய நாடகங்கள் ஏறத்தாழ 40 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், அல்லி அர்ஜுனா, இலவகுசா, சதி சுலோசனா முதலியவை அவற்றுள் புகழ்பெற்றவை. அம்மானை, மாலை, கும்மி போன்ற நூல்கள் வழியாகவும் கூத்து வழியாகவும் மக்கள் முன்பே அறிந்திருந்த கதைகளையே அவர் பெரும்பாலும் தேர்ந்தார். அடுத்து என்ன நிகழும் என்பது அவையோருக்குத் தெரிந்திருந்தமையால், நாடகத்தின் சுவை முழுவதும் அது எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதில் வந்து தங்கியது. விருத்தமும் கீர்த்தனையும் சிந்தும் கண்ணியும் தெம்மாங்கும் இந்துஸ்தானி மெட்டும் ஒரே நாடகத்தில் பாத்திரத்துக்கும் உணர்ச்சிக்கும் ஏற்ப மாறி மாறி வரும். இவற்றுக்கிடையே தர்க்கம் என்னும் பகுதி தனித்துக் குறிப்பிடத்தக்கது. இருவர் எதிரெதிர் நின்று பாட்டிலும் பேச்சிலும் வினா எழுப்பி விடை கூறி ஒருவரையொருவர் மடக்க முயலும் இப்பகுதிக்கு, தினைப்புனத்தில் வள்ளியும் நாரதரும் நிகழ்த்தும் வாதம் சிறந்த எடுத்துக்காட்டு. எழுதப்பட்ட பாடத்துக்குள்ளேயே நடிகரின் கல்விக்கும் நாவன்மைக்கும் இடம்விட்டு அமைத்த இப்பகுதியே, சுவாமிகளின் நாடக நுட்பத்துள் மிக உயர்ந்தது எனலாம்.

ஆனால் விட்ட இடத்தை எல்லா நடிகரும் பொறுப்போடு ஆளவில்லை. பெயர்பெற்ற நடிகர்கள் கதைக்குப் பொருந்தாத பாடல்களைக் கைதட்டலுக்காக இடையில் நுழைத்தனர். ஒருவரையொருவர் வெல்லும் வேட்கையில் பாத்திரத்தை மறந்தனர். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவி எஸ்.ஜி. கிட்டப்பா உள்ளிட்ட இளையோரைப் பயிற்றுவித்த சுவாமிகள், பெரியவர்களைத் திருத்துவதைவிடச் சிறுவர்களை உருவாக்குவதே வழி என்ற முடிவுக்குப் படிப்படியாக வந்தார். ஜெகந்நாதய்யரின் சிறுவர் நாடகக் குழு இதில் முன்னோடி. சுவாமிகள் அங்கும் ஆசிரியராக இருந்து, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்தினார். பாய்ஸ் கம்பெனி என வழங்கிய இத்தகைய குழுவில் சிறுவர்கள் ஓரிடத்தில் தங்கி, உண்டு, பாடம் கேட்டு, வசனத்தையும் பாட்டையும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்தனர். அச்சபையில் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. அவருக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’யை நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுடன் ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார் என்பதைச் சண்முகமே பதிவு செய்துள்ளார். அவ்விரைவு வியப்புக்குரியதே, எனினும், குறிப்பிட்ட ஒரு மாணவனின் குரலையும் வயதையும் அளந்து ஒரு முழு நாடகத்தை அமைத்ததில் வெளிப்படும் ஆசிரியத் திறனை அதனினும் மேலாக மதிக்க வேண்டும்.

1921இல் பக்கவாதத்தால் தாக்குண்டு பேச்சை இழந்த பிறகும் சுவாமிகள் சபையோடேயே இருந்தார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். அவரிடம் பயின்ற சண்முகம் உள்ளிட்ட டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தனிக் குழு கண்டு, கட்டுப்பாடும் ஒத்திகையும் கொண்ட மரபை வளர்த்தனர். ஆனால் அவருடைய நாடகங்களை இன்றுவரை மேடையில் நிறுத்தியிருப்பது, அக்கட்டுப்பாட்டுக்கு நேரெதிரான ஸ்பெஷல் நாடகம் என்னும் வடிவமே. நிலையான குழுவோ இயக்குநரோ ஒத்திகையோ இதில் இல்லை. ராஜபார்ட் எனப்படும் நாயகன், ஸ்திரீபார்ட் எனப்படும் நாயகி, பபூன் ஆகியோரும், ஆர்மோனியம், மிருதங்கம், ஓசை நயங்களைக் கவனிக்கும் ஆல்ரவுண்ட் ஆகிய பக்கவாத்தியக்காரர்களும் அந்த ஓர் இரவுக்கென்று வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்படுகின்றனர். ஒருவரையொருவர் அதற்குமுன் கண்டிராதவர்களும் விடியும்வரை சேர்ந்து நடிக்க முடிவதற்குக் காரணம், சுவாமிகளின் பாடம் எல்லோர் நினைவிலும் பொதுவாக இருப்பதுதான். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் புகழுச்சியை அடைந்தது இவ்வகை மேடையிலேதான்.

இதிலிருந்து ஆய்வாளர்க்கு ஒரு கடமை எழுகிறது. சுவாமிகளின் பெயரால் அச்சாகியுள்ள வள்ளி திருமணம் போன்றவற்றில் பிறர் சேர்த்த பாடல்களும் உரையாடல்களும் கலந்துள்ளன. அவற்றை இடைச்செருகல் என்று களைந்து மூலத்தை மட்டும் மீட்பது ஒரு பணி. அது செய்யப்பட வேண்டியதே. ஆயினும் தர்க்கப் பகுதிகளில் அந்த அளவுகோல் செல்லாது. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டார நடிகர் குடும்பங்களின் பாட நோட்டுகளை ஒப்புநோக்கி, எந்தெந்தப் பாடல்கள் எல்லா நோட்டுகளிலும் மாறாமல் நிற்கின்றன, எந்தெந்த வினாவிடைகள் நடிகருக்கு நடிகர் விரிகின்றன என்று பிரித்துக் காட்டும் பதிப்பே, எழுதியவர் வரையறுத்தது எது, நடிப்பவர்க்கு விடுத்தது எது என்பதை நாடகம் நாடகமாகத் தெளிவுபடுத்தும்.