கருங்கல்லும் கருமணலும்

ஊரின் பெயரில் கல் இருக்கிறது. வழக்கு மணலைப் பற்றியது. கருங்கல்லிலிருந்து கடலை நோக்கி இறங்கும் சாலைகள் சில மைல்களில் மிடாலத்திலும் இனயத்திலும் போய் முடிகின்றன. அலை விட்டுப்போன இடத்தில் மணல் வரிவரியாகக் கறுத்துக் கிடக்கும். இல்மனைட், ரூட்டைல், ஸிர்கான், கார்னெட், இவற்றோடு கொஞ்சம் மோனசைட். மலைப்பாறை காலகாலமாக உதிர்ந்து, ஆறு சுமந்து, கடல் புடைத்துக் குவித்த பொருள். மோனசைட்டுக்குள் தோரியமும் அருமண் தனிமங்களும் இருக்கின்றன. இந்தக் கரையின் நூற்றுச் சொச்ச வருஷச் சரித்திரம் அதனால் எழுதப்பட்டது. கரையில் இருப்பவர்கள் எழுதியதல்ல.

1909ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மன்காரர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அது வந்த வழியைத் தேடி இங்கே வந்து சேர்ந்தார். அடுத்த வருஷம் மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. அப்போது தோரியத்தின் உபயோகம் விளக்குக்கு. வாயு விளக்கின் மாண்டில் வெள்ளையாக ஒளிவிட்டது தோரியம் ஆக்ஸைடால்தான். 1914ல் யுத்தம் மூண்டது. ஷாம்பெர்க் உளவாளி என்று கைதானார். ஆலை லண்டன் கம்பெனியின் கைக்குப் போயிற்று. விளக்குக்குத் திரியான மணல் ஒரே வருஷத்தில் சாம்ராஜ்யத்தின் பாதுகாப்பு விஷயமாகிவிட்டது. மணல் மாறவில்லை, அதைப் பார்த்த கண் மாறியது.

அந்தக் கண் எவ்வளவு தெளிவானது என்பதற்கு இரண்டாம் உலக யுத்தத்தில் ஒரு சம்பவம் உண்டு. பெர்லினின் ஆவர் கம்பெனி பிரான்ஸிலிருந்து தோரியத்தை அள்ளிக்கொண்டு போனதை அறிந்து, ஹிட்லர் அணுகுண்டு செய்கிறான் என்று நேசநாடுகளின் அல்ஸோஸ் உளவுக் குழு பதறியது. விசாரித்ததில் வெளிப்பட்டது, கம்பெனியின் நோக்கம் யுத்தத்துக்குப் பின் தோரியம் கலந்த பற்பசை விற்பது. ராணுவத் தேவை என்பது பல சமயங்களில் ஓர் அனுமானம். ரகசியமாக வைக்கப்படும் அனுமானத்தைத் திருத்த யாருக்கும் வாய்ப்பில்லை.

ஹிரோஷிமாவுக்குப் பிறகு மோனசைட் ராஜ்ய விவகாரமாயிற்று. 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று சர் ஸி.பி. ராமஸ்வாமி ஐயர் அறிவித்தபோது, அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இந்த மணலின் கனமும் இருந்தது. 1948ல் அணுசக்திச் சட்டம், 1950ல் இந்தியன் ரேர் எர்த்ஸ். 1953ல் சீனாவுக்குத் தோரியம் நைட்ரேட் அனுப்பியதற்காக அமெரிக்கா நேருவிடம் முகம் சுளித்தது. 1956ல் இந்தத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. 1963ல் மணவாளக்குறிச்சி ஆலை மத்திய சர்க்காரின் வசமாயிற்று. கொடி இத்தனை முறை மாறியும் ஒன்று மாறவில்லை: மணலைப் பற்றிக் கரையில் இருப்பவனைக் கேட்பது என்ற பழக்கம் யாருக்கும் வரவில்லை.

அந்தப் பழக்கம் சட்டமாக வந்தது 1997ல். சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு விதிகளில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அப்போதுதான் கட்டாயமாயிற்று. 2006ன் அறிவிக்கையும் அதை வைத்துக்கொண்டது. கூடவே, தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை என மத்திய சர்க்கார் தீர்மானிக்கும் திட்டங்களுக்கு விலக்கு என்று ஒரு வாசகத்தையும் வைத்தது. கதவை அடைக்கும் தாழ்ப்பாள் கதவோடு சேர்ந்தே வந்தது.

கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு கிராமங்களில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1 அன்று கூட்டம் குறிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்துக் கூட்டம் தள்ளிப்போயிற்று. 2025 செப்டம்பர் 8ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பு வேண்டியதில்லை. பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டுக்கொண்டதன் பேரில் இது செய்யப்பட்டது. 2006ன் தாழ்ப்பாள் விழுந்தது.

ராணுவத்தின் தேவை பொய்யென்று சொல்ல நான் வரவில்லை. ராடாருக்கும் ஏவுகணைக்கும் அருமண் காந்தங்கள் வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டபோது பல நாடுகள் தவித்தன. ஆனால் அந்த ஏழும் பெரும்பாலும் கன ரகம். நம் மோனசைட்டில் மிகுதியாகக் கிடைப்பது நியோடிமியம் போன்ற லேசான ரகம். நியோடிமியமும் காந்தத்துக்கு வேண்டியதுதான். என்றாலும் எது, எவ்வளவு, எந்தக் கரையிலிருந்து என்ற கேள்விகள் ‘தேசப் பாதுகாப்பு’ என்ற ஒரு சொல்லுக்குள் காணாமல் போகின்றன.

கருத்துக் கேட்புக் கூட்டம் திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் கொண்டதல்ல. சொன்னதைப் பதிவு செய், பதில் சொல், அவ்வளவுதான். கரைக்காரர்கள் கதிர்வீச்சைப் பற்றிப் பயப்படுகிறார்கள். மோனசைட்டைப் பிரித்தெடுத்தால் கதிர்வீச்சு குறையும் என்கிறது ஸ்தாபனம். இதே போன்ற மணல் உள்ள கருநாகப்பள்ளியில் நடந்த நீண்ட ஆய்வில் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இந்த மூன்றும் நேருக்கு நேர் உட்கார வேறு இடம் எது? கரைக்காரனிடம் ஆய்வாளருக்கு இல்லாத அறிவும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ல் கடல் எங்கே ஏறிற்று, எந்த மணல்மேடு எந்த வீட்டைக் காத்தது என்று அவனுக்குத் தெரியும். அதுவும் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட தகவல்தான்.

இதே கரையில், குளச்சலில், 1741ல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரை முறியடித்தார். சரணடைந்த டிலனாய் மன்னரின் படையைப் பழக்கி, உதயகிரிக் கோட்டையில் புதைந்திருக்கிறார். அந்தக் கோட்டை வனத்துறையின் பூங்காவாகி, மதிலுக்குள் மரங்கள் நிற்கின்றன. கோட்டையின் உபயோகம் தீர்ந்தபின் அந்த இடம் திரும்பக் கிடைத்தது. சல்லடையில் போன மணல்மேட்டைக் கடல் நம் ஆயுளுக்குள் கட்டித்தராது.

பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் இந்த ஜில்லாவில் எத்தனையோ. தேசத்தின் தேவையைச் சொன்னால் புரியாத மக்களல்ல இவர்கள். தள்ளிவைத்த கூட்டத்தை மிடாலத்திலேயே கூட்டட்டும். பாதுகாப்பு அமைச்சகத்தின் அதிகாரி ஒருவரும் வந்து உட்கார்ந்து, எவ்வளவு மணல், எதற்காக என்று சொல்லட்டும். பிறகு, கொஞ்ச நேரம் கேட்கட்டும்.