தொப்பிச் சின்னமும் அதன் காலமும்

மட்டக்களப்பிலிருந்து 1804ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் என்பார் ஒரு சிறு படையுடன் கண்டி நோக்கிப் புறப்பட்டார். பிரித்தானியரின் 19ஆம் படைப்பிரிவினர் சிலரும் அப்படையில் இருந்தனர். கண்டியை அடைந்தும் அங்கு நிலைக்கவியலாது, வழிநெடுகப் போரிட்டுத் திருகோணமலை சேர்ந்தனர் என்பது வரலாறு கற்றோர் அறிந்ததே. அந்த 19ஆம் பிரிவே பிற்காலத்தில் 'கிறீன் ஹவார்ட்ஸ்' எனப் பெயர் பெற்றது. அதன் தொப்பிச் சின்னத்தில் ஒரு சிலுவையும், அலெக்சாண்ட்ரா என்னும் பெயரும், 1875 என்னும் ஆண்டும், ரோம இலக்கத்தில் 19 என்னும் எண்ணும் காணப்படும்.

கல்முனையில் மூத்தவாப்பா ஒருவரின் பெட்டகத்திலிருந்து இத்தகைய சின்னம் வெளிப்படுமாயின் யாது நினைப்போம்? ஜோன்ஸ்டனின் வீரன் உதிர்த்துச் சென்றது என்பார் ஒருவர்; 1875இல் வார்த்தது என்பார் மற்றொருவர். இரண்டும் பிழை. 1875 என்பது, வேல்ஸ் இளவரசி அலெக்சாண்ட்ரா அப்படைக்குக் கொடி வழங்கிய ஆண்டேயன்றிச் சின்னம் செய்த ஆண்டன்று. ஜோன்ஸ்டன் காலத்துக் காலாட்படையினருக்கு விதிக்கப்பட்டிருந்தது உயர்ந்த தொப்பியும் அதன் முகப்பிற் பெரிய பித்தளைத் தகடுமாம். சிறு உலோகச் சின்னத்தைத் தொப்பியில் அணியும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பரவிற்று.

ஆகவே எழுத்தையும் எண்ணையும் நம்புமுன் முடியைப் பார்த்தல் வேண்டும். 1901இல் விக்டோரியா மகாராணி மறைந்தபின், ஏழாம் எட்வேர்ட் முதல் ஆறாம் ஜோர்ஜ் வரை, முடியின் வளைவுகள் குவிந்து உருண்டிருந்தன. 1952இல் அரசுரிமை பெற்ற இரண்டாம் எலிசபெத் காலத்து முடியோ நடுவில் அமிழ்ந்தது. விக்டோரியா காலத்து முடியும் அவ்வாறே சற்று அமிழ்ந்திருத்தலால், அரை நூற்றாண்டு இடைவெளியுள்ள இரண்டையும் ஒன்றெனக் கொள்வார் பலர். மேலும், முடி கண்டவுடன் வெள்ளையர் பொருள் என முடிவு கட்டவும் ஆகாது. 1949இல் அமைந்த இலங்கை இராணுவத்தின் சின்னங்கள் பலவற்றிலும் முடி இருந்தது. 1972இல் நாடு குடியரசான பின்னரே அது நீங்கிற்று.

ஐயந்தீர்ப்பது சின்னத்தின் முதுகு. பழையவற்றின் பின்புறத்தில் ஊசி செருகுதற்கேற்ற சிறு காதுகள் இருக்கும். தொப்பித் துணியிற் செருகும் நீண்ட தட்டை நாக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது; பின்னர் இரண்டும் சேர்ந்தே வழங்கின. உலோகமும் சான்று கூறும். வெண்ணிற உலோகமும் பித்தளையும் இணைத்துச் செய்த சின்னம், 1916இல் யுத்தச் சிக்கனத்தால் முழுப் பித்தளையாயிற்று. இரண்டாம் யுத்தத்தில் பிளாஸ்டிக்கும் வந்தது. மினுக்கேற்றிய அலுமினியமாயின் அது எலிசபெத் காலத்தது. விக்டோரியா காலத்ததாக இருத்தல் இயலாது.

இங்கேதான் நம் வீட்டார் அன்போடு ஒரு தீங்கு செய்கின்றனர். பித்தளைச் செம்பைத் துலக்குவதுபோற் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துவிடுகின்றனர்! கூர்மையான வரைகள் மழுங்குகின்றன. செய்தவர் முத்திரை மறைகின்றது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் பெருகி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் எத்தனையோ வீடுகளைப் பெட்டகங்களோடு கொண்டுபோயிற்று. எஞ்சியவற்றையாவது தேய்த்துக் கெடுக்காதிருக்கலாம்.

1942 ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை இக்கரையார் இன்றும் பேசுவர். கரையிற் கிடைக்கும் எந்தச் சின்னத்தையும் அக்கப்பலுக்கு உரியதாக்க மனம் விழையும். ஆயின் யுத்தகாலத்தில், பகைவர் அறியாதிருத்தற்பொருட்டு, மாலுமிகளின் தொப்பி நாடாவிற் கப்பலின் பெயரே நீக்கப்பட்டிருந்தது; 'எச். எம். எஸ்.' என்னும் மூன்றெழுத்து மட்டுமே எஞ்சியது. அத்தகைய பொருளுக்கு அதன் உடலிற் சான்றில்லை. எவர் கையில், எக்கரையில், எந்த ஆண்டில் கிடைத்தது என ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அதனோடு வைத்திருந்தால் அதுவே சான்று.